குழு கலைந்த பிறகு பாட்டு எங்கே போகிறது?

காசிமேட்டுப் பக்கம் ஒரு கானாக் குழு கலைந்துவிட்டால், செய்தி இரண்டே நாளில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரை போய்விடும். படத்திறப்பு, அம்பேத்கர் பிறந்தநாள், ஆடி மாசத் திருவிழா என்று பல வருடம் ஒன்றாகப் பாடியவர்கள். காசுத் தகராறோ, ஒருவருக்கு வேலை கிடைத்து ஊர் மாறியதோ, சொல்லாமல் வளர்ந்த மனஸ்தாபமோ, ஏதோ ஒன்று பிரித்துவிடுகிறது. அப்புறம் அந்தப் பாடகரைத் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இன்னா தல, இனிமே இன்னா மாதிரி பாடப் போற?"

அக்கறையில் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்தப் பாடகருக்கு உண்மையில் எது போய்விட்டது என்பது இந்தக் கேள்வியில் தெரியவில்லை. ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குழு என்றால் என்ன, அது கலைந்தால் எது கலைகிறது, பிறகு ஒருவர் புது வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கானாக் கச்சேரியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பதினாறாம் நாள் காரியம். செத்தவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. தெருவை அடைத்துப் பந்தல். பாடுகிறவர் ஒருவர், பின்பாட்டுக்கு இரண்டு பேர், ஒரு டோலக், ஒரு ஆர்மோனியப் பெட்டி. இப்போது பெட்டி இருந்த இடத்தில் பெரும்பாலும் கீபோர்டு. பாடகர் எடுத்த எடுப்பில் பாட்டுக்குள் போக மாட்டார். தொகையறா போடுவார். தொகையறா என்றால் தாளக்கட்டு இல்லாமல், மூச்சு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் இழுத்துப் பாடும் முன்வரிகள். செத்தவர் எந்த லாஞ்சில் கடலுக்குப் போனார், யாருக்கு என்ன செய்தார் என்று வரிகள் நீளும். எத்தனை வரி என்று யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. கூட்டம் எவ்வளவு நேரம் அழுகிறதோ அவ்வளவு நேரம்.

இப்போது பாடகரை விட்டுவிட்டு டோலக் அடிக்கிறவரைப் பாருங்கள். இரண்டு கையும் தோல் மேல் சும்மா கிடக்கும். கண் மட்டும் பாடகரின் தாடையில் இருக்கும். கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டே பாடகர் லேசாகத் தாடையை இறக்குவார். அந்த இறக்கத்தில் டோலக் 'கும்' என்று விழும். பின்பாட்டுக்காரர்கள் அதே நொடியில் பல்லவியைப் பிடிப்பார்கள். ஒன், டூ, த்ரீ என்று யாரும் எண்ணவில்லை. கை காட்டவும் இல்லை. எப்படித் தெரிந்தது? வருடக்கணக்காக அந்தத் தாடையைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். வேறு எந்த இடத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

எல்லோரும் தப்பாக நினைப்பது இந்த இடத்தில்தான். குழுவின் சத்தம் பாடகரின் தொண்டையில் இருக்கிறது என்று நினைக்கிறோம். இல்லாவிட்டால், பாட்டுகளில் இருக்கிறது என்று நினைக்கிறோம். அதனால்தான் குழு போனால், தொண்டை இருக்கிறதே, பாட்டு இருக்கிறதே, வேறு மாதிரிப் பாட்டு எழுதிக்கொண்டால் புது வழி பிறந்துவிடும் என்று தோன்றுகிறது. உண்மையில் குழுவின் சத்தம் இருவருக்கு நடுவில் இருக்கிறது. தாடைக்கும் டோலக்குக்கும் நடுவில், பல்லவிக்கும் பின்பாட்டுக்கும் நடுவில். அதற்கு ஒரு பெயர் வேண்டும். உடன்பாடு என்று வைத்துக்கொள்வோம். யார் எப்போது தொடங்குவது, யார் எவ்வளவு நேரம் இழுக்கலாம், இழுத்தால் மற்றவர் என்ன செய்வது என்பதைப் பற்றிய பேசாத உடன்பாடு.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பல காலம் ஒன்றாக இழுத்த ஆட்கள் சத்தமே இல்லாமல் ஒரே நேரத்தில் குதிகாலை மணலில் ஊன்றுவார்கள். ஆட்கள் மாறிவிட்டால் கயிறு ஒரு பக்கம் தொய்யும். அப்போது அம்பாப் பாட்டு வேண்டியிருக்கிறது. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் குரலில் இழுக்க வேண்டியிருக்கிறது. அதே வலை, அதே கடல். ஒன்றாக இழுப்பதற்கான வழி மட்டும் மாறியிருக்கிறது.

நான் சொல்ல வருவதும் இவ்வளவுதான். குழு கலைந்தவர் தேட வேண்டியது புது மாதிரிப் பாட்டை அல்ல, புது உடன்பாட்டை. அது கிடைத்துவிட்டால் பாட்டு தானாக மாறும். அது கிடைக்காமல் பாட்டை மட்டும் மாற்றினால், ஆறு மாதத்தில் டிராக் போட்டுப் பாடி அலுத்துப்போவதுதான் நடக்கும். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. நமக்குத் தெரிந்தவர்களின் கதையிலேயே வைத்துப் பார்ப்போம்.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் நடத்திய 'பாவலர் பிரதர்ஸ்' குழுவை எடுத்துக்கொள்வோம். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிய குடும்பக் குழு அது. 1958-இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் பாடியதை இன்றும் பேசுகிறார்கள். தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் மூவரும் கூடவே சேர்ந்தார்கள். ராசய்யாதான் பின்னாளில் இளையராஜா. அமர்சிங்தான் கங்கை அமரன். பதினான்கு வயதில் குழுவுக்கு வந்த ராசய்யா சுமார் பத்து வருடம் அண்ணனோடு ஊர் ஊராகச் சுற்றினார். மக்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து, அதில் கட்சிச் செய்தியை ஏற்றிப் பாடுவது பாவலரின் வழக்கம். மெட்டு ஊருக்கே தெரியும் என்பதால் உடன்பாட்டில் பாதி வேலை முதலிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதியை அண்ணன் தம்பி உறவு பார்த்துக்கொள்ளும்.

அந்தக் குழுவுக்குள்ளேயே ஒரு சின்ன மாற்றம் நடந்தது. ராசய்யா முதலில் பெண் குரலில் பாடிக்கொண்டிருந்தவர். வயது வந்து குரல் உடைந்ததும் அது முடியாமல் போனது. அவர் ஆர்மோனியத்துக்கு நகர்ந்தார். குழு நிற்கவில்லை, நடுவில் இருந்த கட்டுகள் வேறு மாதிரி முடிந்துகொண்டன.

1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்றுப் பணம் கொடுத்தனுப்பிய கதை பலருக்கும் தெரிந்ததுதான். சென்னைக்கு வந்த இளையராஜா என்ன செய்தார்? 1968-இல் தன்ராஜ் மாஸ்டரிடம் போய் மேற்கத்திய இசை எழுத்து படிக்க உட்கார்ந்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். பெரும்பாலும் கன்னடப் படங்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவிலும் கிடாரும் ஆர்மோனியமும் வாசித்தார். அப்படியே எட்டு வருடம் போனது.

இசை எழுத்து என்றால் ஐந்து கோடு போட்டு, அதன் மேல் எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம் என்று குறித்து வைப்பது. இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்றுதான். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வயலின்காரருக்கு அவருடைய வரி மட்டும் எழுதிய தாள் கிடைக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன வாசிக்கப் போகிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. நடத்துநர் கையை இறக்கினால் நாற்பது தாளும் ஒரே நொடியில் தொடங்கும். பத்து வருடம் அண்ணன் முகத்தைப் பார்த்து வாசித்தவருக்கு, முன்பின் அறியாத நாற்பது பேரோடு அதே ஒற்றுமையைக் கொண்டுவரும் வழி அந்தத் தாளில் இருந்தது.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அந்தப் படத்தின் திரைக்கதை எழுதிய பஞ்சு அருணாசலத்தின் முன்னால் உட்கார்ந்து மேசையில் தாளம் போட்டு இளையராஜா பாடிக் காட்டிய மெட்டுகள் படத்துக்காகப் புதிதாகக் கட்டியவை அல்ல. முன்பே கைவசம் வைத்திருந்தவை. அதாவது பாட்டின் மண் மாறவில்லை. பண்ணைப்புரத்து வயக்காட்டுச் சத்தம்தான். அதைச் சுற்றி வயலின்களும் புல்லாங்குழலும் கிடாரும் ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்வது மாதிரி நின்ற விதம்தான் தமிழ்நாட்டுக் காதுக்குப் புதிது. 'இனி என்ன மாதிரிப் பாடப் போறே' என்று 1969-இல் அவரைக் கேட்டிருந்தால், 'அதே மாதிரிதான்' என்று சொல்லியிருந்தாலும் அது பொய்யாகியிருக்காது.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தவர் ஒருவர் இருக்கிறார். ஜான் மெக்லாக்லின் இங்கிலாந்துக்காரர், கிடார் கலைஞர். 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்று மின்சாரக் கிடாரும் பெரிய டிரம்ஸும் வைத்து உலகமெங்கும் அரங்கு அதிர வாசித்த குழு அவருடையது. அதன் முதல் அணி 1973 முடிவில் கலைந்தது. பிறகு அவர் எங்கே வந்து சேர்ந்தார் தெரியுமா? தரையில் சப்பணம் போட்டு, மின்சாரம் இல்லாத கிடாரோடு, வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோர் நடுவில். குழுவின் பெயர் 'சக்தி'. 1976-இல் வெளியான அவர்களுடைய முதல் இசைத்தட்டில் ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் உண்டு.

பார்க்கிறவர்கள், ராக்கை விட்டுவிட்டுக் கர்நாடக இசைக்கு மாறிவிட்டார் என்றார்கள். மாறியது அது இல்லை என்பதற்கு ஒரு தடயம் இருக்கிறது. ஐந்து, ஏழு, பதினொன்று என்று கோணலான கணக்குகளில் வாசிப்பது அவருக்கு மகாவிஷ்ணு காலத்திலேயே கைவந்த வேலை. சக்தியில் புதிதாக வந்தது அந்தக் கணக்கை நால்வரும் வாயால் பேசிக்கொள்ளும் வழி. கொன்னக்கோல் என்கிறோமே, அதுதான். ஏழு எண்ணிக்கை என்றால் 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாகச் சொல்லிவிடலாம். கையால் வாசிப்பதற்கு முன் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டால், எவ்வளவு சுற்றிச் சுற்றிப் போனாலும் எல்லோரும் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் முதல் அடியில், வந்து விழுவார்கள். ஒருவருக்கு ஆங்கிலம், ஒருவருக்கு இந்தி, இருவருக்குத் தமிழ் என்று இருந்த நால்வருக்குப் பொதுமொழி அதுதான். விநாயக்ராம் சென்னைக் கச்சேரி மேடைகளில் வளர்ந்தவர். தன் தந்தை தொடங்கிய ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயத்தில் அதே பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பானையைத் தட்டுகிற கலை என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பானைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு ஒரு உலகக் குழுவையே கட்டி நிறுத்தியிருக்கிறது.

மூன்றாவது வழி நமக்கு ரொம்பப் பழகியது; அதனால் சீக்கிரம் கடந்துவிடுவோம். ஏ.ஆர். ரஹ்மான் சின்ன வயதில் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் போன்ற நண்பர்களோடு 'ரூட்ஸ்' என்ற குழுவில் கீபோர்டு வாசித்தவர். 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். 1992-இல் 'ரோஜா'. அங்கே உடன்பாட்டைக் கணினி பார்த்துக்கொண்டது. கிளிக் என்று ஒன்று உண்டு. நிமிடத்துக்கு இத்தனை அடி என்று சொல்லிவிட்டால், காதுக்குள் மட்டும் கேட்கும்படி சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும். புல்லாங்குழல்காரர் இன்று வந்து அந்தத் தட்டலுக்கு வாசித்துவிட்டுப் போகலாம், பாடகி அடுத்த வாரம் நள்ளிரவில் வந்து பாடிவிட்டுப் போகலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே வேண்டாம். நண்பர்களையும் அவர் விட்டுவிடவில்லை. 1994-இல் 'காதலன்' படத்தில் மெட்ராஸ் பாஷையை வைத்து வந்த 'பேட்டை ராப்'பில் அந்த சுரேஷ் பீட்டர்ஸின் குரல் இருக்கிறது.

இந்தக் கிளிக்தான் நம் கானாப் பாடகரைத் தடுக்கிறது. குழு கலைந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, தெரிந்த பையனின் ஸ்டுடியோவுக்குப் போய் டிராக் போட்டுப் பாடுவது. செலவு குறைவு, டோலக்காரர் வரவில்லை என்ற தலைவலி இல்லை. ஆனால் தொகையறாவைப் பாருங்கள். கூட்டத்தின் அழுகையைப் பார்த்து நீட்டவும் குறைக்கவும் பழகிய மூச்சுக்கு இங்கே எட்டே அடி இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாவது அடியில் டிரம்ஸ் விழுந்துவிடும். அவர் தாடையை இறக்கினாலும் விழும், இறக்காவிட்டாலும் விழும். பாட்டு சுத்தமாக வரும்; கேட்கிறவருக்கு ஏதோ குறைகிறது. குரல் போய்விட்டது என்று ஊர் சொல்லும். குரல் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண் இல்லை.

அப்படியானால் கானாவையும் கிடாரையும் டிரம்ஸையும் ஒன்றாக நிறுத்தவே முடியாதா? முடியும் என்று காட்டியது நம் சென்னைக் குழுவேதான். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. பத்தொன்பது பேர். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற' என்ற சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். டென்மா அதற்கு முன் 'குரங்கன்' என்ற தமிழ்க் குழுவில் இருந்தவர். ராக் பக்கத்து ஆள். கானாப் பாடகர்கள், ராப் பாடகர் அறிவு, பறை, சட்டி, கட்டமோளம், கிடார், பேஸ், டிரம்ஸ் என்று எல்லாம் ஒரே மேடையில்.

வெளியிலிருந்து பார்த்தால் இது அரசியல் துணிச்சல். அது உண்மைதான், பெரிய துணிச்சல்தான். ஆனால் பயிற்சி அறைக்குள் யோசித்துப் பாருங்கள், எத்தனை முடிச்சு! கிடாரின் சுருதி ஒரே இடத்தில் நிற்கும். தோல் பறையோ கடல் காற்றின் ஈரத்தில் தொய்ந்துபோகும். நெருப்பில் காட்டினால்தான் ஏறும். டிரம்ஸ் ஆள் நான்கு நான்காக எண்ணிப் பழகியவர். சாவு மோளத்தின் நடையோ மும்மூன்றாக உருளும். பாடகர் வரியை இழுத்தால் டோலக் காத்திருக்கும். பேஸ் கிடாருக்குக் காத்திருந்து பழக்கமில்லை.

ராயபுரத்துப் பெண் இசைவாணி அந்தக் குழுவில் கானா பாடியவர். 2020-இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. ஆண்களே நிறைந்த மேடை அது. ஒரு பெண் நடுவில் வந்து நின்றால் சுருதியே இடம் மாற வேண்டும். சுருதியை நாம் கட்டை என்று அளப்போம். ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள்; பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை வாகு. பெண் பாட, அதே சுருதியில் ஆண்கள் பின்பாட்டுப் பிடித்தால் ஒன்று தொண்டை கிழியும், இல்லாவிட்டால் அடிவயிற்றில் முனக வேண்டிவரும். பின்பாட்டு மெட்டையே மாற்றிக் கட்ட வேண்டும். ஒரு பெண் கானா பாடுவது புது வழி என்று சொல்கிறோமே, அது அவர் பாடுவதோடு முடிவதில்லை. சுற்றி நிற்கும் அத்தனை பேரும் தங்கள் இடத்தை நகர்த்திக்கொண்ட பிறகுதான் வழியாகிறது.

அந்த மேடையில் நின்றவர்கள் தனித்தனியே எடுத்த வழிகளையும் கவனியுங்கள். அறிவு, ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து 2019-இல் 'தெருக்குரல்' இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தார். பத்தொன்பது பேரோடு நின்றவர் ஒரே ஒருவரோடு உட்கார்ந்து செய்த வேலை அது. 2021 மார்ச்சில் பாடகி தீயோடு பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையையும் ஒப்பாரியையும் உள்ளே கொண்டுவந்தார். பிறகு 'அம்பாஸா' என்று தனக்கென்று ஒரு குழுவைக் கட்டிக்கொண்டு மீண்டும் ஆட்களோடு மேடை ஏறினார். ஒருவரோடு, பிறகு பலரோடு. கருத்து எங்கேயும் மாறவில்லை. யாரோடு, எப்படிச் சேர்ந்து நிற்பது என்பதுதான் ஒவ்வொரு முறையும் மாறியது.

இடையில் ஒரு வார்த்தை, காகித உடன்பாடு பற்றி. குழு கலைந்ததும் 'இது யார் பாட்டு' என்ற சண்டை வரும். சட்டப்படி வரி எழுதியவருக்கு வரியில் உரிமை, மெட்டுக் கட்டியவருக்கு மெட்டில் உரிமை. ஒலிப்பதிவு, அதற்குப் பணம் போட்டுத் தயாரித்தவருடையது. 2012-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியாகியிருக்கிறது. ஆனால் கானாவில் வரி ஒருவர் வாயில் பிறந்து, பின்பாட்டுக்காரர் திருத்தி, மெட்டு டோலக்கோடு சேர்ந்து வளர்கிறது. ஒரு காலத்தில் ஒரே மெல்லிசைக் குழுவில் நின்ற எஸ்.பி.பி.க்கும் இளையராஜாவுக்குமே 2017-இல் வக்கீல் நோட்டீஸ் வரை போனது நமக்கு வலித்தது. 2019 ஜூன் மாதம் இருவரும் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள், நல்லவேளை. நன்றாக இருக்கும்போதே யார் எழுதினார்கள், யார் மெட்டுப் போட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நட்பின் மேல் சந்தேகத்தால் அல்ல, நட்பைக் காப்பாற்றத்தான்.

சரி, காசிமேட்டில் குழு கலைந்து நிற்கிற ஒரு பாடகர் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் என்ன சொல்வோம்? முதலில் பழைய கச்சேரிகளின் செல்போன் பதிவுகளைக் கேட்கச் சொல்வேன். தன் குரலைக் கேட்க வேண்டாம். அது அவருக்குத் தெரியும். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கட்டும். எந்த இடத்தில் டோலக் அவரைத் தாங்கியது, எங்கே பின்பாட்டு அவருக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்தது, எங்கே பெட்டி சுருதி காட்டிக் காப்பாற்றியது. தான் எதன் மேல் சாய்ந்திருந்தோம் என்பது அப்போது தெரியவரும். பலருக்கு அது வியப்பாக இருக்கும். சிலருக்கு அழுகைகூட வரும், வரட்டும்.

பிறகு ஒரே ஒருவரோடு உட்கார வேண்டும். ஐந்து பேரை உடனே சேர்த்துப் புதுப் பெயர் வைத்துப் பேனர் அடிக்க வேண்டாம். வாசிக்கத் தெரிந்த ஒருவர், டோலக்கோ பறையோ கிடாரோ எதுவானாலும் சரி. பழைய பாட்டையே பாடட்டும். புது ஆள் தப்பான இடத்தில் விழுவார். அந்தத் தப்பை உடனே திருத்தாமல் இரண்டு தரம் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். பழைய டோலக்காரர் விழாத இடத்தில் புது ஆள் விழும்போது, வரி வேறு மாதிரி உடைகிறது. அந்த உடைப்பில் ஒரு புது நடை ஒளிந்திருக்கலாம். எல்லாத் தப்பிலும் இருக்காது. ஆனால் புது வழி பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு இடத்தில்தான் கண்ணில் படுகிறது. தனியாக உட்கார்ந்து யோசித்து வருவது குறைவு.

ஸ்டுடியோவுக்கும் போகலாம், கிளிக்கைப் பகையாகப் பார்க்க வேண்டியதில்லை. தொகையறாவைக் கிளிக் இல்லாமல் முதலில் பாடிப் பதிவுசெய்துவிட்டு, அது முடிகிற இடத்தில் தாளத்தைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். ஒலிப்பதிவு செய்கிற பையன்களுக்கு இது பெரிய வேலையே இல்லை, கேட்டால் செய்துகொடுப்பார்கள். கேட்க வேண்டும் என்று நம் ஆட்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். இளையராஜாவுக்கு எட்டு வருடம் ஆனது. மெக்லாக்லினுக்கு இரண்டு வருடத்தில் அமைந்தது, அதுவும் வீணைப் பயிற்சியையும் நம் இசைமேல் இருந்த காதலையும் முன்பே சேர்த்து வைத்திருந்ததால். அந்த நாட்களில் வெளியில் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும். "ஆள் அவ்ளோதான்பா, முடிஞ்சிட்டாரு" என்று தெருவில் பேச்சு கிளம்புவதும் அப்போதுதான்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். குழு கலைந்த பாடகர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால், "இனிமே இன்னா மாதிரி பாடப் போற" என்று கேட்காதீர்கள். "இப்ப உன்கூட யாருப்பா டோலக் வாசிக்கிறது?" என்று கேளுங்கள். யாரும் இல்லை என்று சொன்னால், வாசிக்கத் தெரிந்த ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.